பர்ஃபார்மன்ஸ் காருக்குப் புது ரேடியேட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

டர்போ பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றியாயிற்று, அல்லது காரை டிராக்குக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாயிற்று. சில லேப்பிலேயே டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறுகிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "பெரிய அலுமினியம் ரேடியேட்டர் போடு." பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம், பளபளவென்று தடியான ஒன்றைப் போட்ட பிறகும் முள் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நாம் தண்ணீர்ப் பக்கத்தைப் பார்த்து வாங்குகிறோம். தட்டுப்பாடோ பெரும்பாலும் காற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் காற்றைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

படி 1: கோளாறு ரேடியேட்டரில்தானா?

எப்போது சூடேறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதா? ஃபேன், ரிலே, ஷ்ரவுட் (ஃபேனின் இழுப்பைக் கோர் பக்கம் திருப்பும் உறை) இவற்றைப் பாருங்கள். கோர் என்பது டியூப்களும் ஃபின் என்னும் மெல்லிய தகடுகளும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதி. ரேடியேட்டர் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். நிற்கும்போது ஒன்றுமில்லை, வேகமாகப் போகப் போக ஏறுகிறது என்றால் ரேடியேட்டரின் கொள்திறன், காற்று வரும் வழி, கூலண்ட் ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்று. கூலண்ட் ஓட்டத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. கீழ் ஹோஸ் வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். இஞ்சின் சூடான பிறகு ஒருவரை ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அந்த ஹோஸைப் பாருங்கள். வயிறு ஒட்டிப்போனது போல உள்வாங்கினால், ஹோஸ் தொய்ந்துவிட்டது, அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது.

குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்து, அது சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டால் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) மீது போக வேண்டும். கூலண்ட்டில் இஞ்சினுக்குள் எரிந்த வாயு கலக்கிறதா என்று காட்டும் சோதனைத் திரவம் கடையில் கிடைக்கும். பெட்ரோல் இஞ்சினில் நீலம் மஞ்சளாக மாறினால் கதை வேறு. அந்த நிலையில் எந்த ரேடியேட்டரும் காப்பாற்றாது.

கோரில் எங்காவது அடைப்பு இருந்தால் அந்த இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அதைத் தேடலாம். ஆனால் பளபளக்கும் வெற்று அலுமினியத்தின் மீது அந்தக் கருவி பொய் சொல்லும், உண்மையைவிட நிறையக் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் அளவெடுங்கள், அல்லது ரப்பர் ஹோஸின் மேல் எடுங்கள்.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது இஞ்சின் சூடாகும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. அதைக் கழற்றி எறிந்துவிட்டால் குளிர்ச்சி கூடும் என்பது விடாமல் உலாவும் ஒரு யோசனை. பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முழுக்கத் திறக்கும்போது, அதன் அடியில் உள்ள தட்டு பைபாஸ் வழியை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் திறந்தே கிடக்கும். கூலண்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றும். குறைந்த வெப்பநிலையில் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்டாலும் கொள்திறன் கூடாது. சூடு ஏற ஆரம்பிக்கும் புள்ளி சற்றுக் கீழே இறங்கும், அவ்வளவே.

படி 2: எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும்?

துல்லியம் தேவையில்லை, தோராயக் கணக்கு போதும். 300 குதிரைத்திறன் என்றால் சுமார் 224 கிலோவாட். முழு ஆக்சிலரேட்டரில் அதில் மூன்றில் ஒரு பங்காவது, சில இஞ்சின்களில் பாதி வரைகூட, வெப்பமாகக் கூலண்ட்டுக்குள் இறங்கும். டிராக்கில் பிரேக் பிடிக்கும் நேரத்தையும் வளைவுகளையும் கழித்துவிட்டு, சராசரியாக 60 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தண்ணீர்ப் பக்கம். பம்ப் நிமிடத்துக்கு 100 லிட்டர் தள்ளினால், தண்ணீரில் பாதிக்குப் பாதி கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்) கலந்த கூலண்ட் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 6 கிலோவாட் சுமக்கும். அதாவது 60 கிலோவாட்டுக்கு ரேடியேட்டருக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் உள்ள வித்தியாசம் 10 டிகிரிதான். தண்ணீருக்கு இது சாதாரண வேலை.

இப்போது காற்று. 35 டிகிரியில் நுழைந்து 75 டிகிரியில் வெளியேறுகிறது என்றால், 60 கிலோவாட்டை எடுத்துப்போக நொடிக்கு ஒன்றரை கிலோ காற்று வேண்டும். கனமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1.3. 65 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள கோர் என்றால் அதன் ஒவ்வொரு புள்ளியிலும் காற்று நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஊடுருவிப் போக வேண்டும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். முன்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் முன்னால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பின்னால் நெருக்கியடித்த இஞ்சின் அறை என்று வரும்போதுதான் இந்த 5 மீட்டர் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

வெளி வெப்பநிலையையும் மறக்கக் கூடாது. கூலண்ட் 95 டிகிரியில் இருக்க, காற்று 20 டிகிரி என்றால் இடைவெளி 75. அதே காற்று 40 டிகிரி என்றால் இடைவெளி 55. அதே ரேடியேட்டர், அதே கார், ஆனால் கால் பங்குக்கு மேல் திறன் போய்விட்டது. குளிர்காலத்தில் சோதித்துவிட்டு "எல்லாம் சரியாகிவிட்டது" என்று அறிவிப்பவர்களைக் கோடையில் மறுபடி பார்க்கலாம்.

அதனால் காரின் பயன்பாட்டைப் பொறுத்து முடிவெடுங்கள். தினசரி ஓட்டத்தில் 100 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது இஞ்சின் கொடுப்பது அதன் திறனில் ஒரு சிறு பங்கு. 400 குதிரைத்திறன் கார் என்றாலும், சாலையில் மட்டும் ஓடினால் கம்பெனி அளவிலேயே வந்த நல்ல நிலையிலுள்ள ரேடியேட்டர் பல சமயம் போதும். இருபது நிமிடம் இடைவிடாமல் டிராக்கில் ஓட்டுபவருக்குத்தான் உண்மையான பெரிய ரேடியேட்டர் தேவை.

படி 3: பரப்பா, தடிமனா?

பரப்பு. இடம் இருந்தால் எப்போதும் பரப்புதான்.

காரணம் எளிது. 35 டிகிரி காற்று 95 டிகிரி கோரில் நுழையும்போது 60 டிகிரி இடைவெளி இருக்கிறது. முதல் 25 மி.மீ. தாண்டுவதற்குள் காற்று 60 டிகிரிக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், அடுத்த 25 மி.மீ.க்கு மிஞ்சியது 35 டிகிரி இடைவெளி மட்டுமே. பின்பாதி ஏற்கெனவே சூடான காற்றை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. போதாக்குறைக்கு, தடிமன் கூடக் கூடக் காற்றுக்குத் தடையும் கூடும். முன்பாதிக்கு வரும் காற்றும் குறையும். தடிமனை இரட்டிப்பாக்கினால் திறன் இரட்டிப்பாகாது. பரப்பை இரட்டிப்பாக்கினால், காற்று வழி ஒத்துழைத்தால், கிட்டத்தட்ட ஆகும்.

கம்பெனி ரேடியேட்டர்கள் பெரும்பாலும் 16 முதல் 26 மி.மீ. தடிமனில் வரும். மாற்று ரேடியேட்டர்கள் 36, 40, 48, 56 மி.மீ. என்று போகும். என் கணிப்பில், சந்துகளை நன்றாக அடைத்து, டக்ட் (காற்றைக் கோருக்குக் கொண்டுவரும் வழி) செய்த கார்களுக்கு 36 முதல் 42 மி.மீ. நல்ல இடம். 56 மி.மீ. வேண்டுமென்றால் முன்னால் போதிய திறப்பும், பின்னால் காற்று வெளியேற பானட் வென்ட் போன்ற வழியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் எடையும், ஃபேன் வைக்க இடமில்லாத தலைவலியும்தான் லாபம்.

சில கார்களில் பரப்பைக் கூட்டவே இடம் விட்டு வைத்திருப்பார்கள். 90களின் ஹோண்டா சிவிக் பலவற்றில் முன்பக்க அகலத்தில் பாதியை மட்டுமே பிடிக்கும் ரேடியேட்டர் இருந்தது. அப்படிப்பட்ட காரில் பெரிய இஞ்சின் இறக்குபவர், தடியான பாதி ரேடியேட்டரைத் தேடுவதைவிட, மெல்லிய முழு அகல ரேடியேட்டர் உட்காருமா என்று அளந்து பார்ப்பது நல்லது.

"மூன்று வரிசை", "நான்கு வரிசை" என்ற விளம்பரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அலுமினியத்தில் 25 மி.மீ. அகல டியூப் இரண்டு வரிசை, பழைய பாணிக் குறுகிய டியூப் நான்கு வரிசைக்கு ஈடுகொடுக்கும். கேட்க வேண்டியது வரிசை எண்ணிக்கையை அல்ல. கோரின் அகலம், உயரம், தடிமன், ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஃபின். ஃபின் 14 முதல் 20 வரை இருக்கலாம். அடர்த்தி கூடினால் பரப்பு கூடும், ஆனால் காற்று திணறும். தூசியும் பூச்சியும் சிக்கி அடைப்பதும் சீக்கிரம் நடக்கும். மெல்லிய கோருக்கு அடர்ந்த ஃபின், தடித்த கோருக்கு இடைவெளி அகன்ற ஃபின் என்பதே பொருத்தம்.

படி 4: எதனால் செய்தது?

செம்பு வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் செம்பு–பித்தளை ரேடியேட்டரில் டியூப்பையும் ஃபின்னையும் இணைப்பது ஈயப்பற்று. அது வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. எடையைத் தாங்கவும் விலையைக் கட்டுப்படுத்தவும் டியூப்களைக் குறுகலாக வைப்பார்கள். அலுமினியம் வலுவானது, எடையில் செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே; அகன்ற டியூப் வைக்கலாம், உலையில் முழுதாக பிரேசிங் செய்யலாம். அதனால் மொத்தமாகப் பார்த்தால் அலுமினியம் ஜெயிக்கிறது. பழைய காரை அசல் தோற்றத்திலேயே வைக்க வேண்டும், எங்கே ஒழுகினாலும் பற்றவைத்துச் சரிசெய்ய வேண்டும் என்பவருக்குச் செம்பு–பித்தளை இன்றும் நல்ல தேர்வுதான்.

பிளாஸ்டிக் டேங்க் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். கோர் அலுமினியம்தான், வேலை செய்வதும் கோர்தான். பிரச்சினை வயது. பல வருடம் சூடும் அழுத்தமும் பட்டுப்பட்டு பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5இல் கறுப்பு மேல் டேங்க் பழுப்புப் பச்சையாக மாறினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அந்தக் கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அழுத்தம் அதிகமான, அதிர்வு அதிகமான டிராக் காருக்கு வெல்டிங் செய்த அலுமினியம் டேங்க் நிம்மதி.

படி 5: ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?

கூலண்ட் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது ஒற்றைப் பாஸ். டேங்க்கை நடுவில் தடுத்து, போய்த் திரும்பி வரச் செய்வது இரட்டைப் பாஸ். இரண்டாவதில் டியூப்புக்குள் வேகம் இரண்டு மடங்கு, பாதை இரண்டு மடங்கு. எதிர்ப்பு கணக்குப்படி எட்டு மடங்கு வரை போகலாம். பம்ப் தாங்குமானால் கொஞ்சம் லாபம், தாங்காவிட்டால் நஷ்டம். ஹோஸ் இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டிய கட்டாயம் இல்லையென்றால் ஒற்றைப் பாஸே போதும். "கூலண்ட் வேகமாகப் போனால் சூட்டை விட நேரம் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது மூடிய சுற்று. வேகமாகப் போவது சீக்கிரம் திரும்பியும் வரும்.

படி 6: ஃபேன், ஷ்ரவுட், சந்து பொந்து

இதற்கு ஒதுக்கும் பணமும் நேரமும்தான் அதிகப் பலன் தரும். ஆனால் பெரும்பாலானவர்கள் ரேடியேட்டரிலேயே பட்ஜெட்டை முடித்துவிடுவார்கள்.

100 கி.மீ. வேகத்தில் காரின் முகத்தில் மோதும் காற்றின் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். 40 கி.மீ. வேகத்தில் அது 75க்கு வந்துவிடும். மின்சார ஃபேன் உருவாக்குவது பெரும்பாலும் நூறு, இருநூறு பாஸ்கல். ஆக, மெதுவாகப் போகும்போது ஃபேன் ராஜா. வேகமாகப் போகும்போது அது வழியை மறிக்கும் தட்டு. எனவே ஷ்ரவுட் கோர் முழுவதையும் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேர் எதிரே உள்ள பகுதியில் இருந்து மட்டுமே இழுக்கும். அதே ஷ்ரவுட்டில், வேகத்தில் தானாகத் திறக்கும் ரப்பர் மடல்களும் இருந்தால் நல்லது. ஃபேனுக்கும் கோருக்கும் இடையில் 25 மி.மீ. அளவுக்காவது இடைவெளி விடுங்கள். ஃபேனை ஃபின் வழியாகப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டும் வேலை வேண்டவே வேண்டாம். அதிர்வில் டியூப்பை அறுத்துவிடும்.

ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் காற்றளவு, எதிரே எதுவும் இல்லாதபோது எடுத்தது. அதைவிட எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பாருங்கள். ஆறு ஆம்பியர் இழுக்கும் 16 அங்குல ஃபேன் தடித்த கோர் வழியாகக் காற்றை இழுக்கப் போவதில்லை. உருப்படியானது இருபது ஆம்பியருக்குப் பக்கத்தில் கேட்கும். அதற்கேற்ற வயர், ரிலே, ஃபியூஸ் வேண்டும். ஃபேனை முன்னால் வைத்துத் தள்ளுவதைவிடப் பின்னால் வைத்து இழுப்பது நல்லது.

இனி சந்துகள். காற்று சோம்பேறி, கோரைத் துளைத்துப் போவதைவிட அதைச் சுற்றிப் போகவே விரும்பும். பம்பர் திறப்புக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே எங்கெல்லாம் கையை நுழைக்க முடிகிறதோ, அங்கெல்லாம் காற்று தப்பிக்கிறது என்று பொருள். இரவில் கேரேஜ் விளக்கை அணைத்துவிட்டு, பம்பர் திறப்புக்குள் டார்ச் அடித்து, பானட்டைத் திறந்து மேலிருந்து பாருங்கள். கோரின் ஓரங்களைச் சுற்றி எங்கே வெளிச்சம் கசிகிறதோ அதையெல்லாம் ஃபோம் பட்டையாலும் மெல்லிய அலுமினியத் தகட்டாலும் அடையுங்கள். முன் திறப்பு கோரின் அளவுக்கு இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. நன்றாக அடைத்த டக்ட் இருந்தால் கோர் பரப்பில் பாதிக்கும் குறைவான திறப்பே போதும்.

போன காற்று வெளியேறவும் வேண்டும். பானட்டின் பின் விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடுவது பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் முன் கண்ணாடியின் அடிப்பகுதி அழுத்தம் அதிகமான இடம். வேகத்தில் அங்கே காற்று உள்ளே நுழையும், வெளியே வராது. வென்ட் வைப்பதென்றால் பானட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள்.

படி 7: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

ஹோஸ் வாயின் விட்டம், அதன் கோணம், மவுண்ட் குமிழ்களின் இடம், ஃபேன் மோட்டாருக்கும் புல்லிக்கும் உள்ள தூரம், சென்சார் துளையின் மரை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டேங்க்குக்குள் ஆயில் கூலர் இருக்கிறதா என்று பார்க்கவும். டிராக்குக்குப் போகும் காரில் அதற்குத் தனிக் கூலர் வைப்பது மேல்.

மூடிக்கும் இடம் உண்டு. குறுக்கு ஓட்ட ரேடியேட்டரில் மூடி, கூலண்ட் வெளியேறும் பக்க டேங்க்கில் இருக்க வேண்டும். நுழையும் பக்கத்தில் இருந்தால், அதிக ஆர்பிஎம்மில் பம்ப்பின் அழுத்தமே மூடியைத் தள்ளித் திறந்து கூலண்ட்டைத் துப்பிவிடும். அழுத்த அளவைக் கம்பெனி சொன்னபடியே வையுங்கள். வெறும் தண்ணீர்கூட 1 பார் மூடியின் கீழ் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலண்ட் 130க்குப் பக்கத்தில் போகும். அதிக அழுத்த மூடி கொதிநிலையைத்தான் உயர்த்தும், சூட்டைக் குறைக்காது. பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் அதைத் தாங்குமா என்பது வேறு கேள்வி.

படி 8: பெட்டி வந்ததும்

விலை உயர்ந்த பிராண்டோ மலிவோ, பெட்டியைப் பிரித்ததும் ஹோஸ் வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப் வாய்களில் வெல்டிங் உருகி அடைத்திருக்கிறதா, உலோகத் துகள் கிடக்கிறதா என்று தெரியும். டேங்க் மூலைகளில் வெல்டிங் தொடர்ச்சியாக, ஒரே சீராக இருக்க வேண்டும். அரைத்துப் பாலிஷ் போட்டு மறைத்த வெல்டிங் எனக்குப் பிடிப்பதில்லை. ஹோஸ் வாயில் மேடான விளிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அது இல்லாத வழுவழுப்பான குழாயில் ஹோஸ் ஒருநாள் கழன்றே தீரும். வாய்களை அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, மூடியின் அழுத்தத்துக்குச் சற்று மேலே காற்றுக் கொடுத்துப் பாருங்கள். குமிழி வந்தால் திருப்பி அனுப்புவது அப்போதுதான் சுலபம், காரில் பூட்டிய பிறகு அல்ல. பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

படி 9: பூட்டுவது, நிரப்புவது

ரப்பர் புஷ் இல்லாமல் நேரடியாக போல்ட் போட்டு இறுக்காதீர்கள். வளைவில் சேஸிஸ் முறுக்கும். அந்த முறுக்கு டேங்க் மூலையில்தான் விரிசலாக முடியும்.

தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ் எல்லாவற்றையும் இப்போதே புதிதாக்குங்கள். கூலண்ட்டில் வெவ்வேறு வகைகளைக் கலக்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து வகையை ஊகிக்கவும் வேண்டாம், நிறம் வெறும் சாயம். குழாய்த் தண்ணீருக்குப் பதில் காய்ச்சி வடித்த நீர். பல டிராக்குகளில் கிளைக்கால் அனுமதிக்கப்படுவதில்லை, சிந்தினால் வழுக்கும் என்பதால். அங்கே தண்ணீருடன் துருத்தடுப்புத் திரவம் மட்டும் சேர்ப்பார்கள். சுத்தமான தண்ணீர் வெப்பத்தை இன்னும் நன்றாகச் சுமக்கும். உறைபனி வரும் இடமென்றால் மட்டும் கவனம்.

காற்றை வெளியேற்ற, காரின் மூக்கை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளீட் ஸ்க்ரூ இருந்தால் அதைத் திறந்து, மெதுவாக நிரப்புங்கள். இஞ்சின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கும் கார்களில் நீண்ட குழாய்களில் காற்று பதுங்கும். வாக்யூம் கருவியால் நிரப்புவது நல்லது.

அடுத்தது பலர் விட்டுவிடும் சோதனை. மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலண்ட்டில் முக்குங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஃபேன், விளக்கு, பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக ஓடவிடுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, ஏதாவது ஒன்றைப் போட்டதும் அளவு தாவினாலோ, அதன் எர்த் இணைப்பு சரியில்லை. மின்சாரம் கூலண்ட் வழியாகப் போகிறது. சரிசெய்யாவிட்டால் புது அலுமினியம் ஊசித் துளைகளாக அரித்துப்போகும்.

படி 10: ஓட்டிப் பார்ப்பது

முதல் நாளில் டிராக் வேண்டாம். இரண்டு மூன்று முறை முழுச் சூடாக்கி, முழுக்கக் குளிரவிட்டு, ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்து நிரப்பி, கிளாம்ப்களை மறுபடி இறுக்குங்கள்.

டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். பல கார்களில் அது 80 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். ஓபிடி (காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் சாக்கெட்) வழியாக எண்ணாகப் பாருங்கள். டிராக்கில் 98, 100, 101 என்று ஏறி அங்கேயே நின்றால் ரேடியேட்டர் சமாளிக்கிறது. லேப்புக்கு இரண்டு டிகிரி வீதம் நிற்காமல் ஏறினால் போதவில்லை. முதலில் டார்ச்சோடு மறுபடி சந்துகளைத் தேடுங்கள். கூலண்ட் நிலையாக நிற்க, ஆயில் மட்டும் 130ஐத் தாண்டி ஏறினால், அடுத்து வாங்க வேண்டியது இன்னொரு ரேடியேட்டர் அல்ல, ஆயில் கூலர்.